கிளீட்டின் கூடுகள்

கிளீட் அலாஸ்காவுக்குப் போனபோது துப்பாக்கியைக் கையோடு கொண்டுபோனான். தோட்டா செய்யும் பிரஸ்ஸையும், மறுபடி வெடிமருந்து நிரப்பச் சேர்த்துவைத்திருந்த, சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் நிறைந்த காபி டப்பாவையும், பெண்டாட்டி லோர்னாவையும் மொன்டானாவில் விட்டுவிட்டான். "பனி உருகினதும் வந்துடுவேன்" என்றான். பனி உருகியது. மறுபடியும் விழத் தொடங்கிவிட்டது.

லோர்னா அதே ரகத்தில் ஒரு துப்பாக்கி வாங்கினாள். இந்த மான் வேட்டை சீசனுக்குத் தன் தோட்டாவைத் தானே செய்வதென்று வீம்பாக கராஜில் உட்கார்ந்தாள். அவன் செய்வதைப் போலவே கூட்டின் கழுத்தை மட்டும் அச்சில் இறுக்கினாள். வெடிமருந்து போடுமுன் ஒரு காலிக் கூட்டைத் துப்பாக்கியில் நுழைத்துப் பார்த்தாள். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் மூடவே இல்லை.

பக்கத்துப் பண்ணை வாண்டா எட்டிப்பார்த்துச் சிரித்தாள்.

"அடியே, இது அவன் துப்பாக்கியில வெடிச்ச கூடு. அந்தத் துப்பாக்கி உள்ள எப்படி இருக்கோ அப்படியே விரிஞ்சு நிக்கும். அதுக்குத்தான் பொருந்தும், உன்னோடதுக்கு எப்படிடி பொருந்தும்?"

"இப்ப என்ன செய்யணும்?"

"முழுக் கூட்டையும் அச்சுல விட்டு அமுக்கு. பழைய வடிவம் போயிடும், நுழைஞ்சிடும்."

லோர்னா கூட்டை அச்சில் வைத்தாள். பிரஸ்ஸின் கைப்பிடியைப் பிடித்தாள். அது அவன் உள்ளங்கை பட்டுத் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"என்னடி, அமுக்கு!"

அவள் கூட்டை எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள்.

"கடையில புதுக் கூடு கிடைக்கும்ல?"