நான்காம் இடத்து மாமா

என் கணவர் மோரிஸுக்குத் தங்கை ஒருத்தி இருப்பது இருபது வருஷமாக அவருக்கு ஞாபகமே வரவில்லை. அந்தத் தங்கை கேதரின், மலேசியாவில் எங்கள் ஊரான கூலிமின் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை செய்தபோது, அங்கே வந்த நார்வே இன்ஜினியரைக் காதலித்தாள். "எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று சர்ச் வாசலில் நின்று எல்லோரும் கேட்கும்படி சொன்னார் மோரிஸ். கல்யாணத்துக்குத் தானும் போகவில்லை, என்னையும் விடவில்லை. அவருக்குத் தெரியாமல் நான்தான் கேதரினோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் மகள் சில்யே நார்வேயில் ஐந்து வயதிலேயே ஸ்னோபோர்டில் ஏறினாள். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கி, மேட்டில் எகிறி, ஆகாயத்தில் சுழன்று இறங்குகிற விளையாட்டு. பதினேழில் நார்வே அணியில் சேர்ந்தாள். பத்தொன்பதில் உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் நான்காவதாக வந்தாள். அவள் படம் இங்கே தமிழ்ப் பத்திரிகையில் வந்தது.

அன்றைக்கே மோரிஸுக்குத் தங்கை திரும்பக் கிடைத்துவிட்டாள்.

கூலிமில் பேனர் ஏறியது. ஒரு மூலையில் தபால்தலை அளவுக்குச் சில்யே. மீதியெல்லாம் கோட்டு போட்ட மோரிஸ். பெயரைக்கூட 'செல்வி' என்று மாற்றி அடித்திருந்தார்.

"சில்யேன்னா யாரு வாயில நுழையும்? இதுதான் நம்ம பேரு லா."

மருமகளுக்கு விடாமுயற்சியைக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று நிருபரிடம் சொன்னார். கடையில் ஐஸைச் சீவித் தருகிற ஐஸ் கச்சாங் தவிர வேறு பனியைப் பார்த்ததில்லை. தினமும் நடக்கச் சொன்னார் என்பதற்காக டாக்டரையே மாற்றிய மனுஷன்.

இருபத்தொரு வயதில் சில்யே விழுந்தாள். முழங்காலில் தசைநார் அறுந்து இரண்டு ஆபரேஷன். மாமாவிடமிருந்து ஒரு போன் இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து மறுபடியும் பலகையில் ஏறினாள். போட்டிகளில் பதினொன்றாவது, இருபத்து மூன்றாவது என்று வந்தாள். ஒலிம்பிக் அணியில் எடுக்கவில்லை. இருபத்தைந்தில் போட்டியை விட்டாள்.

போன மாதம் தாயும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மோரிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"நாலாவது வரைக்கும் வந்துட்டியே மா. இன்னும் கொஞ்சம் முக்கியிருந்தா மெடல் லா. எல்லாம் வேஸ்டாப் போச்சு."

கேதரின் தலையைக் குனிந்துகொண்டாள். சில்யே தேநீரைக் கீழே வைத்தாள். தாய் பிறந்து வளர்ந்த பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்துத் தமிழ், கொஞ்சமும் பிசகாமல் வந்தது.

"அம்மா கல்யாணத்துக்கு நீங்க வரல மாமா. என் காலு போனப்பவும் வரல. நாலாவது வந்த அன்னிக்கு மட்டும் பேனர்ல வந்தீங்க. மெடல் வேற வாங்கியிருந்தா உங்க தொல்லைய நான் எப்படித் தாங்கியிருப்பேன்?"

குரலில் கோபமே இல்லை. மோரிஸுக்குத் திடீரென்று பெட்ரோல் அடிக்கிற ஞாபகம் வந்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டேங்க் நிறைந்துதான் இருந்தது.

"இப்ப என்னா பண்றே மா?" என்று கேட்டேன்.

"சின்னப் புள்ளைங்களுக்குச் சறுக்கச் சொல்லித் தரேன் அத்தை. மொதல்ல எப்படி விழுறதுன்னுதான் சொல்லித் தருவேன். நீங்களும் வாங்க, ஏத்தி விடுறேன்."

"எனக்கு அம்பத்து நாலு வயசு."

"விழுறதுக்கு என்ன வயசு?"

கேதரின் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த வாரமே பாஸ்போர்ட் எடுத்தேன். அதை மேசையில் பார்த்துவிட்டு மோரிஸ் கேட்டார்.

"எங்க போற?"

"நார்வே."

"ரெண்டு டிக்கெட்டா?"

"ஒண்ணு."