கேக் அறையில் வெக்கை

2003 ஓகஸ்ட். லண்டனில் நாங்கள் இருக்கும் குட்மேய்ஸில் அப்படியொரு வெயிலை நான் பதினொரு வருஷத்தில் கண்டதில்லை. றெஜினோல்ட் அண்ணை மகளின் கல்யாணத்துக்கு முதல்நாள் பார்த்தா அது வரவேண்டும்? நாங்கள் என்றால் ஆடி மாதத்தில் நல்ல காரியம் வைக்க மாட்டோம். அவர்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர்கள், ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். எனக்கு வந்த ஓடர் மூன்று தட்டுக் கேக், வெள்ளை பட்டர் ஐசிங். பின்னேரம் ஏழு மணிக்கு வந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார். பிறந்தநாள் கேக் எத்தனையோ செய்திருக்கிறேன். கல்யாணக் கேக் இதுதான் முதல். இது சரிந்தால் பிறகு ஒரு தமிழ்ச் சனமும் என் கதவைத் தட்டாது.

மேல்மாடிச் சின்ன அறைதான் என் கேக் அறை. அதன் ஜன்னலில், துபாயிலிருந்து தம்பி கப்பலில் போட்டு அனுப்பிய ஏசி இருக்கிறது. லண்டனில் ஏசியா என்று போன வருஷம் சிரிக்காத ஆளில்லை. இந்த வருஷம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போட்டேன். பத்து நிமிஷம் குளிர் வந்தது. பிறகு ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு வெறும் சுடுகாற்று. கீழ்த்தட்டில் வைத்த ஐசிங் பூ என் கண்ணுக்கு முன்னாலேயே வழிந்து இறங்கியது.

“இஞ்சாருங்கோ! மேலை வாங்கோ!”

என் மனுசன் வாமதேவன் ஸ்குரூட்ரைவரோடு வந்தார்.

“பக்கத்திலை, செவன் கிங்ஸிலை ஏசி பாக்கிற ஆள் இருக்காம். கூப்பிடுங்கோ.”

“ஏன், நான் இருக்கிறன்தானே.”

ஜேர்மனியில் பிரிட்ஜ் செய்யும் கொம்பனியில் ஏழு வருஷம் இருந்தவர். அங்கே ஸ்டிக்கர் ஒட்டினவர் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“ஸ்டிக்கர் ஒட்டின கையாலை இதையும் பழுதாக்கிப் போடாதேங்கோ.”

அவர் பிளக்கைப் பிரித்து பியூஸைப் பார்த்தார். முன்மூடியைக் கழற்றி, தூசி வலையைக் குளியலறையில் கழுவித் திரும்பப் பூட்டினார். மறுபடி பத்து நிமிஷம் குளிர், டக், சுடுகாற்று. நான் ஐசிங் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கீழே பிரிட்ஜுக்கு ஓடினேன், மேலே ஓடி வந்தேன், திரும்பவும் ஓடினேன். இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஜன்னலில் பூட்டும்போதே கோணலாகப் பூட்டினீர்கள் என்றேன். உங்களை நம்பினது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதை என்றேன். அதுவும் போதாதென்று றெஜினோல்ட் அண்ணைக்குப் போன் எடுத்து, இவர்தான் ஏசியைக் கெடுத்துப்போட்டார் என்று அழுதேன்.

நாலரை மணியாயிற்று. அவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிலத்தில் குந்தியிருந்தார்.

“ஆறவிட்டுப் போட்டால் ஓடுது, கொஞ்சத்தாலை நிக்குது. உள்ளுக்குப் பிழையில்லை குமுதினி. அறையிலை இருந்து இழுக்கிற சூட்டை இது பின்பக்கத்தாலை வெளியிலை விடவேணும். அங்கை என்னவோ அடைச்சுக்கொண்டிருக்கு. ஏணி வைச்சுப் பாக்கிறன்.”

பின்பக்கம் என்றதும்தான் எனக்கு நினைவு வந்தது. போன ஐப்பசியில், அவர் வேலைக்குப் போயிருந்த நேரம், நானே ஏணியில் ஏறி அந்தப் பின்பக்கத்தைப் பொலித்தீனால் சுற்றி டேப் ஒட்டியிருந்தேன். மழையும் புறா எச்சமும் படக்கூடாதே! எங்கள் வீட்டில் ரிமோட்டுக்கும் உறை, சோபாவுக்கும் உறை. புதுச் சாமானை வெறுமனே விட எனக்கு மனம் வராது. சுற்றினதை அடியோடு மறந்துபோயிருந்தேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெளியே டேப் கிழிபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன்.

வியர்வையில் தோய்ந்த சேர்ட்டோடு மேலே வந்தார், கையில் பொலித்தீன். அதில் ஒட்டியிருந்தது நான் கேக் பெட்டிகளுக்கு ஒட்டும் ரோஸ் நிற டேப். அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பொலித்தீனை மூலையில் போட்டுவிட்டு ஏசியைப் போட்டார். அரை மணித்தியாலமாகியும் அது நிற்கவில்லை. அறை ஜில்லென்று ஆனது. நான் ஐசிங் பூசினேன். அவர் பக்கத்தில் நின்று கேக் தட்டை மெல்ல மெல்லத் திருப்பித் தந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏழு மணிக்கு றெஜினோல்ட் அண்ணை வந்தார். கேக்கைப் பார்த்து, “அடேயப்பா!” என்றார். பிறகு என் மனுசனின் தோளில் தட்டினார்.

“என்ன வாமதேவன், நீர்தான் ஏசியைக் கெடுத்தனீராம்?”

“ஓம் அண்ணை. குளிருக்குச் சுத்தின பொலித்தீனைக் கழட்ட மறந்துபோனன்.”

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. நான்தான் அண்ணை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“கேக்கைச் சரிக்காமல் பிடியுங்கோ அண்ணை” என்றேன்.