பெயர்த் தகடு இல்லாத இயந்திரம்

ராயபுரத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த சுகிர்தம், கடைக் கூரைக்குத் தகரம் பார்க்கத்தான் அன்று தண்டையார்பேட்டைக்குப் போனாள். ஹுமாயூன் பாயின் பழைய இரும்புக் கிடங்கில், கப்பல் சங்கிலிக் குவியலுக்குப் பின்னால், இடுப்புயரத்தில் ஓர் இயந்திரம் நின்றது. துரு, அதன்மேல் பச்சைப் பெயின்ட், அதன்மேல் மறுபடியும் துரு. கம்பெனியின் பெயர்த் தகடு இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள்தான் மிச்சம்.

மூடிப்போன ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் ஏலத்தில் மொத்தமாக வந்த சரக்கு அது. தோல் வெட்டும் இயந்திரம் என்று பாய் முடிவுகட்டி, செருப்புக்கடை திருமலையை வரவழைத்திருந்தார். திருமலையும் அதைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தார்.

சுகிர்தம் குனிந்து பார்த்தாள். இரண்டு கத்திகள் படகின் முனைபோல ஒன்றோடொன்று சேர்ந்து நின்றன. கீழே கால்மிதி. இருபுறமும் கட்டையைச் சாய்த்து நிறுத்த இரும்புத் தாங்கிகள். கொண்டை ஊசியை உருவி, கத்திக்கு அடியிலிருந்த இடுக்கைச் சுரண்டினாள். மரத்தூள் உதிர்ந்தது, அதில் பொன்னிறத் துகள் மின்னியது. பத்து வருஷமாகக் கைவாளால் அவள் அறுத்துவரும் தங்கப்பூச்சுக் கட்டைகளிலும் இதே தூள்தான் உதிரும்.

"பாய், இது தோல் வெட்றது இல்ல. படத்துக்கு பிரேம் கட்டை வெட்றது."

"பேரே இல்லாத மிஷினு. உனுக்கு எப்டிம்மா தெரியும்?"

"மாட்டுக்குப் பல்லப் பாக்கறோம். இதுக்குக் கத்தியப் பாத்தா போதும்."

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. திருமலையிடம் ஒரு தோல் துண்டைக் கேட்டு வாங்கி, கத்திக்கடியில் வைத்து மிதித்தாள். துண்டின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு பள்ளம் விழுந்தது. இன்னொரு முறை மிதித்தாள். மறுபடியும் அதே முக்கோணம். திருமலை சிரித்துவிட்டார். முக்கோணக் கால் உள்ளவன் எவனாவது வந்தால் சொல்லியனுப்புவதாகப் பாயிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவள் விலைபேசி வாங்கிய இயந்திரம் அன்றைக்கே கைவண்டியில் கடைக்கு வந்துவிட்டது. கோயிலில் இருக்கும் சிலுவைப்பாதைப் படங்கள் பதினான்குக்கும், ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்துக்குள் புதுச் சட்டம் வேண்டுமென்று பங்குச் சாமியார் கேட்டிருந்தார். கைவாளை நம்பி வாக்குக் கொடுக்கத் தயங்கியிருந்தவள், மறுநாள் காலையில் போய் ஒப்புக்கொண்டாள்.

மண்ணெண்ணெய் போட்டுத் துருவைக் கழற்ற நான்கு நாள் ஆயிற்று. ஆனால் முதல் வெட்டிலேயே கட்டை நார்நாராகக் கிழிந்தது. இடக் கத்தியின் விளிம்பில் நீலம் பாரித்திருந்ததை அப்போதுதான் கண்டாள். யாரோ அவசரத்தில் சாணைச் சக்கரத்தில் பிடித்து, எஃகைச் சூடேற்றிக் கெடுத்திருந்தார்கள். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த தம்பி இன்னாசி வந்து பார்த்து, கெட்ட கத்தியை மட்டும் தீட்டினால் போதும் என்றான்.

"ரெண்டும் ஜோடிடா. ஒண்ணு எவ்ளோ தேயுதோ, மத்ததும் அவ்ளோ தேயணும். இல்லாங்காட்டி மூலை சேராது."

"நல்லா கீற கத்திய எதுக்குக்கா வீணா தேய்க்கணும்?"

அவன் சொன்னபடியே செய்துபார்க்க விட்டாள். மாட்டியபோது ஒரு கத்தி முன்னால் இறங்கியது, மற்றது பின்தங்கியது. சேர்த்துவைத்த மூலையில் நகம் நுழைந்தது. இன்னாசி இரண்டையும் கழற்றி எடுத்துப் போனான். தண்ணீர் சொட்டும் கல்லில், நீலம் அறவே போகும்வரை, இரண்டையும் ஒரே அளவுக்குத் தீட்டிக் கொண்டுவந்தான்.

எண்ணெயை அவளே போட்டாள், கத்தி ஏறி இறங்கும் கம்பிகளில் மட்டும். கட்டை உட்காரும் இடத்தில் பட்டால் பூச்சில் கறை ஏறிவிடும். ஒரே மிதியில் வெட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தியை நகர்த்திக் கடிக்கவிட்டாள். இந்த முறை மூலையில் காகிதம்கூட நுழையவில்லை. இன்னாசி விரலால் தடவிப் பார்த்து, சேர்ந்த கோடு எங்கே என்று கேட்டான்.

தபசுகாலத்து முதல் வெள்ளிக்கிழமை, கோயில் சுவர்களில் பதினான்கு படங்களும் புதுச் சட்டத்தில் நின்றன. ஸ்தலம் ஸ்தலமாக, ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று மற்றவர்கள் முழந்தாளிட்டபோது சுகிர்தமும் முழந்தாளிட்டாள். கண் மட்டும் மூலைகளில் இருந்தது. ஒன்பதாவது ஸ்தலத்தில்தான் அவளுக்கு ஜெபம் சொல்ல நினைவு வந்தது.