ஈரம் குடிக்காத துணி

தம்பி தனிக்குடித்தனம் போகப்போகிறான் என்ற பேச்சு அடிபடத் தொடங்கிய நாளிலிருந்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி போனால் போகட்டும், தம்பி பெண்டாட்டி போனால் இன்னும் நல்லது. ஆனால் அவர்களோடு குழந்தையும் அல்லவா போகும்?

கட்டியவன் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டதில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள் அவள். பின்பக்கத்து அறையில் ஒண்டிக்கொண்டு, எந்த விசேஷத்திலும் முன்னால் வந்து நிற்காமல் காலத்தை ஓட்டினாள். தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகுதான் அவளுக்கு ஓர் அந்தஸ்து வந்தது. பெற்ற தாய்கூட அவளை ‘அத்தை’ என்றே கூப்பிடத் தொடங்கினாள். தம்பி பெண்டாட்டி, அந்த வீட்டு மருமகள், வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கக் குழந்தை அத்தையின் இடுப்பில்தான்.

மருமகளுக்கு மழைக்கோட்டு தைக்கும் கம்பெனியில் வேலை. கை சும்மா இருக்காத ஜாதி. ஒருமுறை கட்டித் தூக்கி எறிகிற கடை டயப்பர் வேண்டாமென்று, பருத்தித் துணியை மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்து, இடுப்பில் அழுத்தும் பொத்தான் வைத்து, ஒரு கூடை நிறைய அவளே செய்து வைத்திருந்தாள். அதைத் துவைப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். அழுக்கை வழித்துக் கழிப்பறையில் தள்ளிவிட்டு முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு மூடிபோட்ட வாளியில் ஊற வேண்டும். அதற்கப்புறம்தான் சுடுதண்ணீரும் கொஞ்சமே கொஞ்சம் சோப்புத்தூளும். நுரை அடியோடு போகிறவரை அலசி, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். இத்தனையும் செய்து நிமிர்வதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். கடைசித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிப் பிழிந்து காயப்போடும் வேலையை அண்ணியிடம், அதாவது அத்தையிடம், விட்டுவிட்டு ஓடுவாள்.

காய்ந்த துணி அட்டை மாதிரி விறைத்து நின்றது. பூப்போன்ற உடம்புக்கு இதையா கட்டுவது என்று அத்தைக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுத் துணிக்கெல்லாம் கடைசித் தண்ணீரில் ஊற்றுகிற நீல நிற வாசனைத் திரவம் குளியலறை அலமாரியில் இருந்தது. ஊற்றினால் துணி மெத்தென்று ஆகும், மணக்கும். அதில் ஒரு மூடி ஊற்றினாள். அன்றைக்கு ஊற்றியது ஆசையில்தான்.

சில நாளில் ஒழுகல் ஆரம்பித்தது. டயப்பர் கட்டியிருக்கும்போதே தொடை வழியாக ஓடி மெத்தை நனைந்தது, பாய் நனைந்தது, தூக்கியவர்கள் மடியெல்லாம் நனைந்தது. குழந்தையின் இடுக்கு சிவந்து தடித்தது. மருமகள் சோப்பைக் குறைத்துப் பார்த்தாள், இன்னொரு தண்ணீர் கூட அலசிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அத்தையின் அம்மாவுக்குச் சொல்லவா வேண்டும்? துணி துவைக்கத் துப்பில்லாதவளுக்குத் தனிக்குடித்தனம் ஒன்றுதான் குறைச்சல் என்று, சாப்பிட உட்கார்ந்தால், எழுந்தால், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தால், அதையே பாட்டாகப் பாடினாள். வேலைக்குப் போகிற பெண்களின் கைக்குத் தண்ணீரே ஆகாது என்று அதற்கு ஒரு பின்பாட்டு வேறு.

நடுவில் பாட்டில் தீர்ந்துபோயிற்று. வெறும் தண்ணீரில் முக்கி எடுத்துச் சில நாள் போனதும் குழந்தை நன்றாகத் தூங்கியது, மெத்தை காய்ந்தே கிடந்தது. அத்தை காய்ந்த மெத்தையைத் தடவிப் பார்த்தாள். அலமாரியில் பாட்டில் இருந்த இடத்தைப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது. அவள் மக்கு இல்லை.

அன்றைக்கு அவள் வாயைத் திறந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அன்று சாயங்காலம்தான் தம்பி வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு வந்தான். மாடி, இரண்டு அறை, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். அத்தை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். சின்ன பாட்டிலா பெரிய பாட்டிலா என்று கடைக்காரர் கேட்டார்.

“பெரிசே குடுங்க.”

அதற்குப் பிறகு ஒரு மூடி இல்லை, இரண்டு மூடி. குழந்தையின் தொடையிடுக்கில் தோல் உரிந்தது. ஒவ்வொரு முறை நனையும்போதும் அது வீறிட்டு அழுதது. அழும்போதெல்லாம் அத்தை வாரி எடுத்து, களிம்பு தடவி, விசிறிவிட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து ஆற்றினாள். அந்த நேரத்தில் அவளைவிட உருகுகிறவர்கள் அந்த வீட்டில் யாருமில்லை. குழந்தையைக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா, துணியைச் சரியாக அலசுவதில்லை போலிருக்கிறது என்று சொல்லப்போக, அம்மா அதை வீடுவரை சுமந்துவந்து எல்லோர் முன்னாலும் கொட்டினாள். தம்பிக்கும் மனசு மாறியது. புண் ஆறுகிறவரை குழந்தை இங்கேயே இருக்கட்டும், நாம் போய்க் குடியேறிவிட்டு லீவு நாளில் வந்து பார்த்துக்கொள்வோம் என்றான். மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை அவள் தோளில் கை வைத்து, நீ நிம்மதியாகப் போ, நான் இல்லையா என்று ஆறுதலும் சொன்னாள். உள்ளே மனசு குதித்துக்கொண்டிருந்தது.

குடிபோவதற்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் மருமகள் குழந்தைக்குத் துடைத்துவிட உட்கார்ந்தாள். கிண்ணத்துத் தண்ணீர் தளும்பிப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த டயப்பரின்மேல் சிந்தியது. சிந்திய தண்ணீர் உள்ளே போகவில்லை. முத்து முத்தாகத் துணிமேல் உருண்டு நின்றது. அவள் அப்படியே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் அவள் வேலையே அதுதான். வருகிற துணியில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது. உருண்டு நின்றால் எடுத்துக்கொள்வது, உறிஞ்சினால் திருப்பி அனுப்புவது. கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்துத் தெளித்தாள். அதுவும் உருண்டது. அலமாரியின் அடியில் தைத்ததிலிருந்து வாளியையே பார்க்காத ஒன்று கிடந்தது. அது சொட்டு விழுந்ததும் குடித்துவிட்டது.

கையில் இரண்டு டயப்பரும் நீலப் பாட்டிலுமாகப் பின்பக்கத்து அறைக்குப் போனாள். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க கம்பெனிக்கு நீங்க வந்திருக்கலாம் அண்ணி. மழைக்கோட்டுத் துணி தோத்துப்போகும்.”

மெத்தென்று இருக்கட்டுமே என்று ஊற்றினேன், இப்படி ஆகும் என்று எனக்கு என்ன தெரியும் என்று அத்தை இழுத்தாள்.

“சரி, தெரியாம ஊத்தினீங்க. பாட்டில் நடுவுல தீர்ந்துச்சே, அப்ப ஒழுகலையே. அதுக்கப்புறமும் பெரிய பாட்டிலா பாத்து வாங்கிட்டு வந்தீங்களே, அது?”

அத்தை கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கத்துவாள், தம்பியைக் கூப்பிடுவாள், முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் விடுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்து உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். மருமகள் அப்படி எதுவும் செய்யவில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“உங்க தம்பிகிட்ட சொல்லப் போறதில்ல. நீங்களும் எங்ககூட வந்துடுங்க. குழந்தைய விட்டுட்டு உங்களால இருக்க முடியாது, எனக்குத் தெரியாதா?”

நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போகிற மருமகளை உலகத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? அம்மா அப்போதுதான் முதல்முறையாக அவளை நல்லவள் என்றாள். தம்பி நெகிழ்ந்துபோனான். பக்கத்து வீட்டுக்காரி தன் மருமகளைக் கூப்பிட்டு, பார்த்துக் கற்றுக்கொள் என்று குத்தினாள்.

மாடி வீட்டில் தம்பி சொன்ன காற்று இருந்தது. காலையில் மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கம்பெனியிலேயே புதிதாகக் குழந்தைகள் காப்பகம் திறந்திருந்தார்கள். அத்தைக்கு வீட்டில் மிஞ்சியது வாளி. பச்சைத் தண்ணீர், ஊறல், சுடுதண்ணீர், அலசல், வெயில் என்று அந்த முறை தவறாமல் அவளே எல்லாவற்றையும் செய்தாள். சாயங்காலம் வந்ததும் மருமகள் அவளை எதிரில் நிற்கவைத்து ஒவ்வொரு டயப்பரிலும் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். குடித்தால் கூடையில் போடுவாள். சந்தேகமாக இருந்தால் திரும்ப வாளியில் போடுவாள். தம்பி ஒருநாள், என்ன இது பரீட்சை மாதிரி என்று கேட்டுச் சிரித்தான். அண்ணிக்கு நல்லதுக்குத்தான் என்று மருமகளும் சிரித்தாள்.

குழந்தையைத் தூக்க மட்டும் விடவில்லை. அத்தை கையை நீட்டினால் போதும்.

“கையெல்லாம் சோப்பு வாடை அண்ணி. அவளுக்கு ஒத்துக்காது.”

புண் ஆறியது, குழந்தை நடந்தது, பேச்சு வந்தது. அம்மா என்றது, அப்பா என்றது, காப்பகத்து ஆயாவை ஆயா என்றது. வாளிப் பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்கு அதன் வாயில் ஒரு பெயரும் இல்லை. ஆனாலும் அத்தை போகவில்லை. அந்தச் சின்ன இடுப்பில் இருந்து வந்த துணி தினமும் அவள் கைக்கு வந்தது. அது போதும் என்று வைத்துக்கொண்டாள்.

பிறகு வாளி லேசாகத் தொடங்கியது. காப்பகத்தில் ஆயா குழந்தையை, ஒன்றுக்கு வந்தால் சொல்லிச் சின்னத் தொட்டியில் உட்காரப் பழக்குகிறாள் என்று மருமகள் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. டயப்பர் நின்றுவிட்டால் அண்ணிக்கு இங்கே வேலை இல்லை, பாவம், அம்மாவிடமே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றும் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அத்தை கேட்பதற்காகத்தான் சொன்னாள்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் மருமகள் குளிக்கப் போயிருந்தாள், தம்பி இன்னும் வரவில்லை. குழந்தை பொம்மையைப் போட்டுவிட்டு நேராக அத்தையிடம் நடந்து வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவள் புடவையை இழுத்தது.

“மூச்சா.”

அவளிடம் அது பேசிய முதல் வார்த்தை. கழிப்பறைக் கதவு கை நீட்டும் தூரத்தில் திறந்துதான் இருந்தது. தூக்கினால் போதும். குழந்தை மறுபடி இழுத்தது, காலை மாற்றி மாற்றி வைத்தது, அவள் முகத்தைப் பார்த்தது. அத்தை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் உதடு பிதுங்கியது. அது நின்ற இடத்திலேயே டயப்பரில் போய்விட்டது.

அழுகைச் சத்தம் கேட்டு மருமகள் ஈரத் தலையோடு வெளியே வந்தாள். இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் சொல்லத் தெரியவில்லையா என்று குழந்தையின் தொடையில் ஒன்று வைத்தாள். அது அத்தையைக் கை காட்டி என்னவோ சொல்லப் பார்த்தது. அழுகையில் ஒன்றும் புரியவில்லை.

“விடும்மா, சின்னதுதானே. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.”

சொல்லிவிட்டு அத்தை குனிந்து, சூடு ஆறாத அந்தத் துணியைப் பொத்தான் பிரித்து எடுத்துக்கொண்டு, பச்சைத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.