மருந்து வண்டியில் மீன் வாடை

தன் வேனின் பின்கதவைத் திறந்ததுமே அவளுக்குப் பொறி தட்டியது. மீன் வாடை. கோழித் தடுப்பூசி ஏற்றிப் போய் வந்த குளிர் வேனில் மீனுக்கு என்ன வேலை?

முந்தின நாள் பண்ணைக்காரர், மருந்து சூடேறிவிட்டது என்று பெட்டிகளை இறக்காமலே திருப்பி அனுப்பியிருந்தார். செயலி மூலம் வேனை வாடகைக்கு எடுத்த மருந்து ஏஜெண்டோ, வண்டிக்காரிதான் பொறுப்பு என்று வக்கீலைத் தேடிப் போய்விட்டார். செயலிக் கம்பெனிக்குப் போன் போட்டால், "உங்களையும் அவரையும் சேர்த்து வைக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுது மேடம். ஒப்பந்தம் உங்க ரெண்டு பேருக்குள்ளதான்" என்று தேனொழுகப் பேசிக் கைகழுவிவிட்டார்கள்.

வண்டியை ஓட்டியவன் அவள் கொழுந்தன். "ஏஜெண்டோட ஆளு வழியில எதையோ ஏத்தினான் அண்ணி. நான் டீ குடிக்கப் போயிருந்தேன்" என்றான்.

ஏஜெண்டின் சர்க்கரைப் பேச்சு அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. தரையில் ஒட்டியிருந்த செதில்களைப் படமெடுத்துக்கொண்டு நேரே அவர் கடைக்குப் போனாள்.

"என் ஆளு யாருமே வண்டியில வரலையேம்மா. உங்க டிரைவர்கிட்டதான் ஒப்படைச்சேன்."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க சார்."

அவர் கோபப்படவில்லை. பெட்டிக்குள் வைத்தனுப்பிய, சூட்டைப் பதிவு செய்யும் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினார். பதினொன்றே கால் வரை நேராக ஓடிய கோடு, அதன்பின் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று ஏறியிருந்தது. "அந்த நேரத்துல வண்டி எங்க நின்னுச்சு? உங்க போன்லதான் தெரியுமே."

பார்த்தாள். மீன் மார்க்கெட்டின் பின்வாசல். போனைச் சட்டென்று பைக்குள் போட்டாள்.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"சிக்னல் இல்ல சார். பார்த்துட்டுச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். அதில் இன்னொரு செயலி; அதிலும் அதே வேன் வாடகைக்கு.

"எல்லாரும் பண்றதுதான் அண்ணி. மருந்துப் பெட்டி கால்வாசி இடந்தான். மிச்ச இடம் சும்மாத்தானே கிடந்துச்சு? மீன் ஏத்தி முடிக்கிற வரைக்கும் கதவு திறந்திருந்துச்சு, அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்தினான். "பழியை அந்தாளு மேலயே போட்ருங்க. செதில் போட்டோ இருக்கில்ல? அவர்கிட்ட என்ன சாட்சி இருக்கு?"

ஒரு மணி நேரம் முன்னால் அதே படத்தை நீட்டி அந்த மனிதரைத் திருடனாக்கப் போனவள் அவள்தானே.

மறுநாள் காலை ஏஜெண்டின் மேஜைமேல் போனை வைத்து மார்க்கெட் வாசலைக் காட்டினாள். நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

இரண்டு செயலிகளும் வேனை நீக்கின. வேறு சரக்கு ஏற்றியதால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். முழுத் தொகைக்கு அவளிடம் வழியில்லாததால், கெட்டுப்போன மருந்தின் நஷ்டத்தை அவளும் ஏஜெண்டும் ஆளுக்குப் பாதி சுமந்தார்கள். கொழுந்தன் அவளோடு பேச்சை முறித்துக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டான்.

இரண்டு மாதம் கழித்து ஏஜெண்டு நேரடியாகவே கூப்பிட்டார். இப்போது வண்டியை ஓட்டுவது அவள். பெட்டிகள் ஏறியதும் ஏஜெண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு சார்? நான் பார்த்துக்க மாட்டேனா?"

"பரவால்லம்மா, சும்மாதான்" என்றார். பண்ணை வந்து சேரும்வரை குளிர் காட்டும் முள்ளை விட்டு அவர் கண் நகரவில்லை.