கண்ணைத் திறந்து ஒரு ஜெபம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வேதாகமக் கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்கு இது அழகா என்று அம்மா கேட்பாள். அழகில்லைதான். ஆனால் அந்த எட்டு வாரமும் என் இடத்தில் இருந்திருந்தால் அம்மாவும் பல்லைக் கடித்திருப்பாள்.

இரண்டாம் ஆண்டு முடிந்ததும் கோடை விடுமுறையில் எங்களை ஆளுக்கொரு சபைக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டு வாரம் அங்கேயே தங்கி ஊழியம் பழக வேண்டும். கையில் ஒரு ஃபாரம் தருவார்கள். ஞாயிறு பள்ளி, வீடு சந்திப்பு, மருத்துவமனை சந்திப்பு என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டம் பிரசங்கம். ஒரு பிரசங்கமாவது செய்து, கேட்டவர்களில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, போதகர் முத்திரை வைத்தால்தான் மூன்றாம் ஆண்டு. இல்லையென்றால் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு அடுத்த கோடையில் மறுபடி முதலிலிருந்து. என்னோடு படித்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்குவதை நான் கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

எனக்கு வாய்த்த போதகர் நல்லவர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல வாய் வராமல் போகலாம். இரண்டாவது வாரம் எனக்குப் பிரசங்கம் என்றார். வெளியூரிலிருந்து ஒரு விருந்தாளிப் பிரசங்கியார் வந்து இறங்கினார். நாலாவது வாரம் என்றார். அன்றைக்குச் சபை ஆண்டுவிழா என்பது அவருக்கே முந்தின நாள்தான் நினைவுக்கு வந்தது. ஆறாவது வாரம் மைக் கெட்டுப்போனது. என் குரல் பின்வரிசைக்கு எட்டாது என்று அவரே பேசினார். ஒவ்வொரு தடவையும் "அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு நூற்று நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை என் தலையில் கட்டினார். நாற்காலி அடுக்குவதற்கு ஃபாரத்தில் கட்டம் இல்லை. இருந்திருந்தால் முதல் பரிசே வாங்கியிருப்பேன்.

என் தோழியோ முதல் மாதத்திலேயே மூன்று பிரசங்கம் முடித்துவிட்டு, 'உனக்கு இன்னும் ஆகலையா' என்று போனில் பாவமாகக் கேட்பாள். அந்தப் பாவம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் எழுதி வைத்திருந்த பிரசங்கம் இருபத்திரண்டு பக்கம். தலைப்பு, பயம். பயத்தின் காரணம், பயத்தின் விளைவு, பயத்துக்கு மருந்து என்று மூன்று பிரிவு.

இதற்கு நடுவில், மூன்றாவது வாரத்தில், மருத்துவமனையில் என் மானம் போன கதையைச் சொல்ல வேண்டும். என் ஜெபம் கொஞ்சம் நீளம். கல்லூரியில் அதற்கு நல்ல மதிப்பெண் உண்டு. பெண்கள் வார்டில் காலில் கட்டுப் போட்ட ஓர் அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்று கண்ணை மூடினேன். உலகம் உண்டானதில் தொடங்கி, டாக்டர், நர்ஸ், மருந்து செய்கிறவர்கள், அந்த அம்மாவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்காகவும் வேண்டிக்கொண்டு, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் கட்டிலையே காணோம். வெறும் தரையில் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது.

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் சாவகாசமாக வந்தது.

"அவங்கள எக்ஸ்ரேக்குத் தள்ளிட்டுப் போய்ப் பத்து நிமிஷம் ஆச்சு. நீங்க டாக்டருக்கு வேண்டிக்கிட்டு இருந்தீங்க. கலைக்க வேணாம்னு நர்ஸ் சொல்லிட்டாங்க."

சொல்லிவிட்டு அந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால் அவருக்கு வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தார். வார்டு முழுவதும் சேர்ந்துகொண்டது. நான் ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

ஓடவிடாமல் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். பதினெட்டு வருடமாக ஒரே கார், இரண்டு பக்கமும் க்ளட்ச். வார்டில் எல்லோருக்கும் அவர் க்ளட்ச் அக்கா. கல்யாணம் கட்டவில்லை, வெளிநாட்டில் ஒரு தம்பி மட்டும். பித்தப்பையில் கல். சர்க்கரை இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் ஆபரேஷன் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது.

என் பிரசங்கமும் தள்ளிப்போகிற கதையைச் சொன்னதும் எங்களுக்கு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு நான் தினமும் போனேன். யாருக்கு முதலில் தேதி கிடைக்கிறது பார்க்கலாம் என்று ஒரு பந்தயம்கூட வைத்தோம். என் ஜெபத்தைக் கிண்டல் செய்வதை மட்டும் அவர் விடவே இல்லை. என் வண்டியில் ஏறி இப்படிக் கண்ணை மூடியிருந்தால் அன்றைக்கே இறக்கிவிட்டிருப்பேன், ரோட்டில் கண் இருக்க வேண்டாமா என்பார். கண்ணை மூடினால்தான் மனம் ஒருமைப்படும் என்று நான் விளக்குவேன். அவர் கொட்டாவி விடுவார்.

எட்டாவது வாரம் வந்தது. கடைசி ஞாயிறு, காலை ஒன்பதரை மணி ஆராதனை, பிரசங்கம் நானேதான் என்று போதகர் அறிவித்தே விட்டார். எங்கள் சபையில் மாலை ஆராதனை கிடையாது. மறுநாள் பேருந்தில் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் நூற்று நாற்பது காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று பத்தொன்பதாம் பக்கத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. க்ளட்ச் அக்கா.

வலி திடீரென்று கூடிவிட்டதாம். இனி தள்ளிப்போட முடியாது, நாளைக் காலை ஒன்பதரைக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்களாம். தம்பியின் விமானம் சாயங்காலம்தான் வந்து சேருமாம்.

"பந்தயத்துல நான் ஜெயிச்சுட்டேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்குப் பயமா இருக்கு. நான் யார்கிட்டயும் இத சொன்னதில்ல. உள்ள போற வரைக்கும் பக்கத்துல ஆள் இருந்தா நல்லாருக்கும். ஜெபம் பண்ணு, வேணாங்கல. ஆனா கண்ண மூடிடாத. என்னைப் பாத்துக்கிட்டே பண்ணு."

அக்கா, ஒன்பதரைக்குத்தான் என் பிரசங்கம் என்றேன்.

"அட, ஆமால்ல. மறந்தே போச்சு. நல்லா பண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த 'நல்லா பண்ணு'வைத்தான் தாங்க முடியவில்லை. ஆண்டவரிடமே சண்டைக்குப் போனேன். எட்டு வாரத்தில் ஐம்பத்தாறு நாள் இருக்கிறதே, உமக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். இரண்டு தடவை கோயிலைச் சுற்றி நடந்தேன். நேரம் போனதே தவிர, எதற்காக யோசிக்கிறேன் என்றே தெரியவில்லை. போகத்தான் போகிறேன் என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

போதகரிடம் போய்ச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரிம்மா, போயிட்டு வா. நாளைக்கு நான் பேசிக்கறேன். ஆனா பண்ணாத பிரசங்கத்தப் பண்ணினதா என்னால எழுத முடியாது. அது தெரிஞ்சுக்க."

"எழுத வேண்டாம் ஐயா" என்றேன். மாடி ஏறி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

மறுநாள் வார்டில் நுழைந்தபோது அக்காவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியாகிவிட்டது. பச்சைச் சட்டை, தலையில் காகிதத் தொப்பி. என்னைப் பார்த்ததும் உதடு கோணியது. "லூசு, உன் ஃபாரம் என்னாகும்?" என்றார். என் கையை மட்டும் விடவில்லை.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் நல்ல உயரமான மனிதர், வாய் பேசாதவர் மாதிரி இருந்தார். நான் பக்கத்திலேயே நடந்தேன். லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது அக்கா மேற்கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"இன்னிக்கு என்ன பேசறதா இருந்த? எனக்கு நேரமில்ல. சுருக்கமா சொல்லு."

இருபத்திரண்டு பக்கத்தையும் மனதுக்குள் புரட்டினேன். காரணமும் விளைவும் மருந்தும் எங்கேயோ போய்விட்டன.

"பயப்படறது தப்பில்லக்கா. தனியா பயப்பட வேணாம், அவ்வளவுதான். மீதி எல்லாம் சும்மா இழுத்து எழுதினது."

லிஃப்ட் வந்தது. மேலே போய், நீண்ட தாழ்வாரம் முழுவதும் நான் ஜெபம் செய்தேன். பழக்க தோஷத்தில் கண் மூடப் பார்த்தது. பிடிவாதமாகத் திறந்து வைத்தேன். அவர் நெற்றி வியர்வை தெரிந்தது, இமை துடிப்பது தெரிந்தது. அதனால் உலகம் உண்டானதெல்லாம் வரவில்லை. ஆண்டவரே, இந்த அக்காவுக்குப் பயமாக இருக்கிறது, எனக்கும்தான், இருவர் கையையும் விட்டுவிடாதேயும் என்றேன். கதவு வந்துவிட்டது. தள்ளுகிறவர் ஆமென் என்று சொன்ன பிறகுதான் வண்டியை உள்ளே திருப்பினார். கதவு மூடும்வரை அக்கா என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் தம்பி பெட்டியோடு ஓடி வந்தார். நான் அறைக்குத் திரும்பித் துணிமணியை மூட்டை கட்டினேன். ஒரு வருடம் போனால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டேன். உடனே மறுபடி கோபம் வந்தது.

மறுநாள் காலை பேருந்துக்கு முன்னால் விடைபெற வார்டுக்குப் போனால், எனக்கு முன்பே போதகர் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் ஃபாரம். சனிக்கிழமையே கையெழுத்துக்காக நான் கொடுத்து வைத்தது. லிஃப்ட் வாசலில் நான் பேசியதை அக்கா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், எதிரே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரைக் கூண்டில் ஏற்றின சாட்சி மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்.

"பேசினாங்களா, இல்ல ஜெபம் மட்டும் பண்ணினாங்களா? யோசிச்சு சொல்லுங்க."

"லிஃப்ட்டுக்கு முன்னாடி பேசினாங்க. லிஃப்ட்டுக்கு அப்புறம் ஜெபம். ரெண்டும் தனித்தனி" என்றார் அந்த மனிதர்.

"என்ன பேசினாங்க?"

"தனியா பயப்பட வேணாம்னு சொன்னாங்க. நான் வீட்டுல போய்ச் சொன்னேன்."

போதகர் ஃபாரத்தை முன்னும் பின்னும் இரண்டு தடவை படித்தார். பிரசங்கம் எங்கே நடக்க வேண்டும், எத்தனை பேர் கேட்க வேண்டும் என்று அதில் எங்கும் போடவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன் என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். இடம் என்ற இடத்தில் 'லிஃப்ட் வாசல்' என்றும், கேட்டவர்கள் என்ற இடத்தில் 'இருவர்' என்றும் எழுதினார். பையிலிருந்து முத்திரையை எடுத்து அழுத்தி வைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தள்ளுகிறவர் கையெழுத்துப் போட்டார். அடுத்து அக்கா. ஊசி குத்தியிருந்த கையில் பேனாவைப் பிடித்து, கையெழுத்தோடு நிறுத்தாமல், கேட்டவரின் கருத்து என்ற இடத்தில் நெடுநேரம் என்னவோ எழுதினார். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் நான் அதைப் பிரித்துப் படித்தேன்.

'பேச்சு சுருக்கம். கடைசி வரை கண்ணை எடுக்கவில்லை. லைசென்ஸ் கொடுக்கலாம்.'