இரைச்சலில் வாழ்ந்த ராணி

புங்கமரத்தூர்ப் பஞ்சாயத்து வானொலிக்குப் பஞ்சாட்சரம் காப்பாளர். காப்பாளர் என்பது நியமன ஆணையில் கண்ட சொல். ஊரார் அவரை ரேடியோக்காரர் என்றார்கள். அதில் அவருக்கு உடன்பாடில்லை. அரசாங்கம் பேசுகிறது, அதைத் தாம் எடுத்துச் சொல்கிறோம். ஆகவே தம்மைச் செய்தி அதிகாரி என்று அழைப்பதே பொருந்தும் என்பது அவருடைய தாழ்மையான கருத்து. அவருடைய தாழ்மை அந்தக் கருத்தோடு முடிந்துவிட்டது.

கலசப்பாக்கத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பஞ்சாயத்து வேலை கிடைத்து ஜவ்வாது மலைக்கு வந்தபோது, மலைச் சனங்களுக்கு அறிவு புகட்டும் பொறுப்பும் தம்மோடு அதே பஸ்ஸில் ஏறி வந்ததாக அவர் உறுதியாக நம்பினார். வானொலி ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தது. பூட்டின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கியது. தினமும் மாலை ஆறரைக்குப் பெட்டியைத் திறப்பார், குமிழைத் திருகுவார், வால்வுகள் சூடேறும் வரை பூசாரியைப் போலக் கண்களை மூடிக்கொண்டிருப்பார். பிறகு இரைச்சல் தொடங்கும்.

அது சாதாரண இரைச்சல் அன்று. புகை போட்டுக் கலைத்த மலைத்தேனீக் கூட்டம் முழுவதும் பெட்டிக்குள் குடியேறியதுபோல 'உர்ர்ர்' என்று ஒரே சுருதியில் உறுமும். அதற்கு அடியில் எவரோ பேசுகிறார் என்பது மட்டும் தெரியும். என்ன பேசுகிறார் என்பது தெரியாது. பஞ்சாட்சரம் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு, ஒரு கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கி, கேட்டதை ஊருக்குத் திருப்பிச் சொல்வார். ஏழு ஆண்டுகளாக இது நடந்துவந்தது.

அவருக்கும் ஒன்றும் கேட்காது. அந்த ஒரு செய்தியை மட்டும் அவர் ஊருக்குச் சொன்னதில்லை.

முதலாம் ஆண்டில் எங்கோ ஒரு வெள்ளம், எங்கோ ஒரு திறப்பு விழா என்று அஞ்சி அஞ்சிச் சொன்னார். கூட்டம் கொட்டாவி விட்டது. இரண்டாம் ஆண்டில் ஒரு மந்திரியை மேடையிலிருந்து வழுக்கி விழச் செய்தார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன்பின் அவருக்குத் துணிவு பிறந்தது. ஏழாம் ஆண்டாகிய எழுபத்தெட்டில், கடலுக்கு அப்பால் ஒரு தேசத்தையும், அதற்கு ஒரு ராணியையும், ராணிக்கு ஐந்து மாதமாகத் தீராத ஒரு காய்ச்சலையும் உண்டாக்கியிருந்தார். பெண்கள் களி கிண்டுவதைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். பஞ்சாட்சரத்துக்கென்று ஒரு நாற்காலி, சொல்லி முடித்ததும் ஒரு தம்ளர் காப்பி, தேன் எடுத்தால் முதல் பங்கு என்றெல்லாம் ஊர் மரியாதை செய்தது. அந்த நாற்காலியில் வீற்றிருக்கும் அரை மணி நேரத்துக்காகவே நாளின் மற்ற நேரத்தை அவர் பொறுத்துக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட வந்தவன் லட்சுமணன். காவலூர் வானாய்வு நிலையத்தில் மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் இளைஞன். ஒரு புதன்கிழமை மாலை, கொள்ளு வாங்க வந்த இடத்தில் உறுமலைக் கேட்டுப் பஞ்சாயத்து அலுவலக வாசலில் நின்றான்.

"இன்னாங்க இது, ரேடியோவா, ரைஸ் மில்லா?"

கூட்டம் சிரித்தது. பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை.

"மலக்காத்து, தம்பி. இந்த ஒசரத்துல அப்டித்தான் கேக்கும்."

"காத்தும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. கரன்ட்டு வர்ற எடத்துல ரெண்டு கண்டன்சர் காஞ்சி போச்சு. ஏத்தம் எறைக்கறப்ப தண்ணி விட்டு விட்டுத்தான வருது? அத ஒரு தொட்டியில தேக்கி விட்டா வாய்க்கால்ல சீராப் போவும். கண்டன்சர்தாங்க தொட்டி. இதுல தொட்டி ஓட்ட. அதான் இந்த உறுமல். ஞாயித்துக்கெழம வந்து புதுசு போட்டுத் தர்றேன்."

"இது சர்க்கார் பொருள். முத்திர வச்சது. மேலதிகாரி உத்தரவு இல்லாம ஒரு ஆணியக்கூடத் தொடக் கூடாது."

பஞ்சாயத்துத் தலைவர் கோவிந்தன் கொள்ளு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். "நான் இன்னா, உத்தரவு போடத் தெரியாதவனா? மாத்துப்பா நீ."

"மாத்தட்டும், மாத்தட்டும்" என்றாள் அம்சவல்லி. ஊரில் எவரையும் நீ, வா, போ என்றே பேசுகிறவள். "ராணி இருமறதுகூடக் கேக்கும் இல்ல?"

மூன்று நாள் பஞ்சாட்சரத்துக்குச் சோறு இறங்கவில்லை. இரைச்சல் நீங்கினால் பெட்டி தானே பேசும். பெட்டி பேசினால் அதில் ராணி இருக்கமாட்டாள். ராணி இல்லையென்றால் ஏழு ஆண்டுப் புளுகும் வெளிப்பட்டு, நாற்காலி போய்விடும். சாவி தொலைந்துவிட்டதாகச் சொல்லிப் பார்த்தார். அரைஞாண் கயிற்றில் அது கிணுகிணுத்து அவரைக் காட்டிக்கொடுத்தது. வேறு வழியின்றி, சனிக்கிழமை மாலை, ஒரு பொறுப்புள்ள அதிகாரி ஓய்வுபெறுமுன் கோப்புகளை முடித்துவைப்பதைப்போல, நிலுவையிலிருந்த செய்திகளை எல்லாம் முடித்துவைத்தார். கால் முறிந்த மந்திரியைப் பதவியிலிருந்து விலகச் செய்தார். மலைக்கு வருவதாகத் தாம் சொல்லிவந்த ரயிலைத் திருப்பி அனுப்பினார். பெட்டியிலிருந்து காதை எடுத்து, குரலைத் தழைத்துச் சொன்னார்:

"ராணியம்மா காலமாயிட்டாங்க."

செத்தவளைப் பற்றி நாளைக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்பது அவருடைய கணக்கு. கூட்டத்திலிருந்த குப்பம்மாள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கியதும் அந்தக் கணக்கு தவறியது. கடல் தாண்டிக் கிடக்கும் மகராசிக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாடுவதுபோல, அவள் உருகி உருகிப் பாடினாள். பாடி முடித்து, மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்:

"எப்ப எடுக்கறாங்களாம்?"

"நாளைக்குச் சொல்வாங்க" என்றார் பஞ்சாட்சரம். சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில் லட்சுமணன் வந்தான். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைக் கழற்றினான். உள்ளே கட்டைவிரல் பருமனில் இரண்டு அலுமினியக் குப்பிகள் இருந்தன. அவற்றின் அடிப்பாகம் உப்பி வெடித்து, வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அவன் அவற்றை நேராகத் தொடவில்லை. ரெசிஸ்டர் என்ற சிறு மின்தடையின் இரு கம்பிகளையும் குப்பியின் முனைகளில் வைத்துச் சற்று நேரம் பிடித்திருந்தான்.

"அதான் நிறுத்தி வச்சிருக்குதே, தம்பி?"

"நிறுத்தினாலும் உள்ள கொஞ்சம் புடிச்சி வச்சிக்கினு இருக்குங்க. லேசுல விடாது. தெரியாம கைய வச்சா தூக்கி எறிஞ்சிடும்."

பஞ்சாட்சரத்துக்கு அந்தக் குப்பிகளின்மேல் ஓர் உறவு தோன்றியது. ஈயத்தை உருக்கிப் பழையவற்றைப் பிரித்தெடுத்து, கூட்டல் முனையையும் கழித்தல் முனையையும் இருமுறை சரிபார்த்து, லட்சுமணன் புதியவற்றைப் பொருத்தினான். முதலில் ஒரு நாற்பது வாட் பல்பின் வழியாகவே மின்சாரத்தை விட்டான். பல்பு பளீரென்று எரிந்து, பிறகு மங்கியது. "மங்குச்சின்னா கோளாறு இல்ல" என்றான். பல்பு மங்கியதைப் பஞ்சாட்சரம் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாலை ஆறரைக்கு ஊரே திரண்டிருந்தது. குப்பம்மாள் முந்தானையில் வாய்க்கரிசி முடிந்துகொண்டு வந்திருந்தாள். பஞ்சாட்சரம் குமிழைத் திருகினார். வால்வுகள் சூடேறின. இரைச்சல் வரவில்லை. ஒரு மனிதர் தொண்டையைச் செருமியது பக்கத்தில் நின்று செருமியதுபோலக் கேட்டது. முன்வரிசையிலிருந்த கோழி ஒன்று பயந்து ஓடியது.

செய்தி ஆரம்பமாயிற்று. வட மாவட்டங்களில் இரண்டு நாள் கனமழை பெய்யும் என்றார் அந்த மனிதர். அது எல்லாருக்கும் புரிந்தது. அதன்பின் செயலாக்கக் கூறுகளின் ஒருங்கிணைப்புக் குறித்துப் பரிசீலிக்கும் உயர்நிலைக் குழுவின் பரிந்துரைகளைப் பரிசீலிக்க மற்றோர் உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டிருப்பதாக ஏழு நிமிடம் வாசித்தார். ஒவ்வொரு சொல்லும் வெண்கல மணிபோலத் தெளிவாக ஒலித்தது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. குப்பம்மாள் உட்கார்ந்தபடியே உறங்கினாள். ராணியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

கோவிந்தன் எழுந்து, கையை நீட்டிக் குமிழைத் திருகி வானொலியை நிறுத்தினார். பஞ்சாட்சரம் நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டார்.

"நல்லா வேல செஞ்சிருக்கான் புள்ள. மழ வருதுன்னு சொல்லிடுச்சி. காத்தாலயே களத்துல இருக்கற சாமைய வூட்டுக்கு எடுத்துடுங்க." பிறகு பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பினார். "சரி, நீ ஆரம்பிப்பா."

"இன்னாத்த?"

"ராணிய எப்ப எடுக்கறாங்க?"

"ரேடியோவுல... சொல்லலியே."

"ரேடியோவுக்கு இன்னா தெரியும்?" என்றாள் அம்சவல்லி. "நீதான சாவடிச்ச? நீயே எடு."

ஊர் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் பஞ்சாட்சரம், தமக்கே கேட்காத குரலில், "உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"மொத வருசமே தெரியும்" என்றாள் அம்சவல்லி. " நீ காத வச்சிக் கேட்டியே, அது ஸ்பீக்கரா? பக்கத்துல இருக்கற வெறும் பலக!"

"அப்ப எதுக்கு ஏழு வருசமா வந்து குந்திக்கினு இருந்தீங்க?"

"நீ நல்லாச் சொல்ற, அதான். இல்லன்னா எம்மா தேன் குடுத்திருக்கோம், சும்மாவா?"

அறிவு புகட்ட மலையேறி வந்தவர் எழுந்து நின்றார். அரசாங்கத்தின் வாயாக இருந்த தம்மைக் கதை சொல்லும் ஆளாக்கிவிட்டார்களே என்று கொதித்தது. சாவியை அவிழ்த்து வீசிவிட்டுப் பஸ் ஏறிவிடலாம். ஆனால் கடைசிப் பஸ் நாலரைக்கே போயிருந்தது. அன்றியும், காலியான நாற்காலியில் உட்கார எவரும் வரவில்லை; எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவரோ காப்பித் தம்ளரை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

காப்பியில் ஆவி அடங்கும் முன்னர்ப் பஞ்சாட்சரம் உட்கார்ந்தார். நிறுத்தி வைத்திருந்த பெட்டியில் காதை ஒட்டினார். இம்முறை ஒலிபெருக்கித் துணி எங்கே இருக்கிறதென்று பார்த்து ஒட்டினார். ஒரு கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது. எவரோ தட்டியதில் குப்பம்மாளும் விழித்துக்கொண்டாள்.

"ராணி சாகலியாம்" என்றார். "மூச்சு இருக்குதாம். நேத்து அந்த இரைச்சல்ல தப்பாக் கேட்டுடுச்சி. எல்லாம் கண்டன்சர் கோளாறு."

ஊர் முழுவதும் லட்சுமணனைத் திரும்பிப் பார்த்தது. அவன் பழைய குப்பிகளைக் காகிதத்தில் பொதிந்துகொண்டிருந்தான். குப்பம்மாள் எழுந்துபோய் அவற்றில் ஒன்றைப் பிடுங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கட்டையில போற டப்பா!" என்றாள். "இன்னா நல்ல பொம்பள! கொல்லப் பாத்தியே!"